கிராமப்புற ரேஞ்சர்: உழவருக்கும் இளைஞருக்கும் நடுவே ஒருவர்

ரேஞ்சர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் காக்கி உடுப்பு அணிந்த வனச்சரகர். பிரிட்டனில் இதே பெயரில் வேறொரு வேலை இருக்கிறது. அங்குள்ள கிராமப்புற ரேஞ்சர் சுற்றிவருவது பெரும்பாலும் ஆடு மேயும் குன்றுகளும் கல் சுவர்களும் புல்வெளிகளும்தான். அவற்றில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான நிலம். அதற்குள் நடக்க வரும் நகரத்து மக்களும் நிலத்துக்காரரும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

மோதல் இருந்த இடம்தான் அது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க அருகிலுள்ள குன்றுகளுக்குப் போவார்கள். வேட்டைப் பறவைகளுக்காக மூடிவைத்திருந்த நிலத்தில் அவர்களை விடமாட்டார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் சட்டம் வந்தது. 1951இல் அந்தப் பகுதியே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரில் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்றாலும் விவசாயம் நிற்கவில்லை, ஆடுகளும் அங்கேயே மேய்கின்றன. நடக்க வழிவிடும்படி நில உரிமையாளர்களுடன் ஒப்பந்தம் போட்டார்கள். ‘வருகிறவர்களை யார் பார்த்துக்கொள்வது?’ என்ற கேள்வி எழுமல்லவா? 1954இல் ஈடேல் கிராமத்தில் முதல் காவலர் வேலைக்குச் சேர்ந்தார்.

கதவில் தொடங்கும் பாடம்

இப்போது பதின்வயதினருக்கு இளம் ரேஞ்சர் குழுக்கள் இருக்கின்றன. வரைபடம் பார்ப்பது, திசைகாட்டி பிடிப்பது, மழையில் கூடாரம் அடிப்பது எல்லாம் உண்டு. வேளாண்மைக்காரனாக என்னைக் கவர்ந்த பாடம் வேலிக் கதவுதான். மூடியிருந்த கதவைக் கடந்ததும் மூடு, திறந்து கட்டியிருந்தால் அப்படியே விடு என்பது விதி. எல்லாக் கதவையும் மூடிவிடுவதுதான் நல்லது என்று நகரத்துப் பிள்ளை நினைக்கும். ஆடுகள் தண்ணீருக்குப் போவதற்காக அந்தக் கதவை விவசாயி திறந்து வைத்திருக்கலாம். மூடினால் மந்தை தாகத்தில் தவிக்கும். திறந்துவிட்டாலோ, தனியே பிரித்துவைத்த கிடாய் மந்தையில் கலந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை விதியை மறக்காது.

நாயைக் கயிற்றில் பிடிப்பதும் அப்படித்தான். சினை ஆட்டை நாய் விரட்டினால், கடிக்காவிட்டாலும் அதிர்ச்சியில் குட்டி வீசிவிடக்கூடும். இது நம் ஆடு வளர்ப்போருக்குப் புதிய செய்தி அல்ல. அங்கே கால்நடையை நாய் தொல்லை செய்வதைக் குற்றமாக்கி 1953இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

கல்லடுக்குச் சுவர்

அங்கே வயல் வரப்புகளில் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள் இருக்கும். இரண்டு முகமாக எழுப்பி, நடுவில் சிறு கல் திணித்து, இடையிடையே இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல் வைப்பார்கள். கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள் போக வேண்டும். ஒரு கல் கீழேயுள்ள இரண்டு கல்லின் இணைப்பை மூட வேண்டும். நடப்பவர்கள் குறுக்குவழிக்காக ஏறிக் குதித்தால் சுவர் சரியும், ஆடு வெளியேறும்.

சரிந்த இடத்தை எடுத்துக் கட்டும் வேலையில் ரேஞ்சர்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மார்பளவு சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் கல் பிடிக்கும். அதைக் கையால் தூக்கி வைத்த பையன் மறுபடி சுவரில் கால் வைக்க யோசிப்பான். அறிவிப்புப் பலகை இந்த வேலையைச் செய்யாது என்பது என் எண்ணம்.

நெருப்புப் பாடம் இன்னும் கண்டிப்பானது. அந்த மேட்டு நிலத்தின் மண் பீட் எனப்படும் மக்கிய தாவரப் படுகை. காய்ந்தால் மண்ணே எரியும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். 2018 ஜூனில் மான்செஸ்டரை ஒட்டிய சாடில்வொர்த் மேட்டில் பற்றிய தீயை அணைக்க ராணுவம் வர வேண்டியிருந்தது. ஆகவே மேட்டில் அடுப்பு மூட்டவே கூடாது. தீ மூட்டக் கற்பதெல்லாம் அனுமதித்த இடத்தில், புல் அகற்றிய தரையில், பக்கத்தில் தண்ணீரோடு. அணைத்த பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நீட்டிச் சூடு பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இங்கே யார் செய்யலாம்?

நம்மிடம் அப்படியொரு பதவி கிடையாது. ஆனால் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலி, நுழைய ஒரு படல், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். கதவு, வேலி, மேய்ச்சல் என்று பீக் டிஸ்ட்ரிக்டில் சொல்லித்தரும் அதே மூன்றும் இங்கே இருக்கின்றன. வேலியில் இடைவெளி விழுந்தால் கிளுவைப் போத்து நட்டு அடைக்கத் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள்.

ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களுக்கு வரும் இளநிலை மாணவர்களையும், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பிள்ளைகளையும் ஒரு நாள் இவர்களிடம் அனுப்பலாம். விரிவாக்க அலுவலர் முன்கூட்டியே விவசாயியிடம் கேட்டு, எந்தப் பட்டியில் சினை மாடு நிற்கிறது, எந்தப் படலைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். நோட்டுப் புத்தகம் வேண்டாம். முள்ளுக்குக் கையுறையும் ஓர் அரிவாளும் போதும். எந்த இடைவெளியை முதலில் அடைப்பது என்று வேலிக்காரரே சொல்லட்டும்.