நடுவழியில் ஒரு பட்டம்

இங்கிலாந்தில் மருத்துவ மாணவர்கள் பலர், டாக்டராவதற்கு முன்பே பட்டமளிப்பு அங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு நடுவே ஓராண்டு ஒதுக்கி, நரம்பறிவியல் போன்ற துறையில் பி.எஸ்ஸி. வாங்கிவிட்டு மருத்துவத்துக்கே திரும்புகிறார்கள். லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பெரும்பாலோருக்கு இது கட்டாயம். அங்கே மொத்தம் ஆறாண்டு. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், எலி தான் நிற்கும் இடத்தை அறிய உதவும் செல்களை 1971ல் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்ததும் அங்கேதான். (நோபல் கிடைத்தது 2014ல்!) மருத்துவப் பாடத்தில் ஹிப்போகேம்பஸ் மனப்பாடம் செய்ய ஒரு பெயர். இந்த ஓராண்டில்தான் மூல ஆய்வுகளைப் படித்து, "இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்க நேரமிருக்கிறது. மென்பொருள்காரனான எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

இப்பட்டத்துக்கு டாக்டரின் முதல் பணியிட ஒதுக்கீட்டில் தந்துவந்த புள்ளிகளை 2023ல் எடுத்துவிட்டார்கள். ஓராண்டுக் கடன் வேறு. "பிறகெதற்கு?" என்கிறாள் அக்கா, மகளை நினைத்து. படிக்கட்டும் என்கிறேன் நான்.