கல்லூரி மெயில் மூடுவதற்குள் கிட்ஹப் கணக்கைப் பத்திரப்படுத்துவது எப்படி?

மைசூரு ஹெப்பாளில் சுமார் 337 ஏக்கரில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. பொறியியல் படிப்பை முடித்த கையோடு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெட்டியும் பையுமாக அங்கே வந்து இறங்குவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அவர்களில் பலர் கல்லூரியில் படிக்கும்போதே கிட்ஹப் கணக்கு தொடங்கியவர்கள். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட், ஹேக்கத்தானில் இரவு முழுக்க எழுதிய நிரல் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் கணக்கைத் தொடங்கியது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில். படிப்பு முடிந்த சில மாதங்களில் அந்த முகவரியை நிறுத்திவிடும் கல்லூரிகள் உண்டு.

நிறுத்திய பிறகு புது லேப்டாப்பில் கணக்கைத் திறக்கப் போனால் என்ன ஆகும்? இரட்டைச் சரிபார்ப்பு போடாத கணக்கு என்றால், கிட்ஹப் ஓர் எண்ணை மின்னஞ்சலுக்கு அனுப்பிக் கேட்கும். அந்த மெயில் பெட்டியே இல்லாதபோது, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது.

இதைத் தவிர்க்கும் இடம் செட்டிங்ஸில் உள்ள 'இமெயில்ஸ்' பக்கம். சொந்த முகவரியைச் சேர்த்து, உறுதிசெய்யும் இணைப்பை அழுத்திவிட்டு, அதை 'பிரைமரி' ஆக்க வேண்டும். கல்லூரி முகவரியை உடனே நீக்கிவிடலாம் என்று தோன்றும். நீக்க வேண்டாம். ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவரின் மின்னஞ்சல் பதிவாகிறது. அதைப் பார்த்துத்தான் அது யாருடைய வேலை என்று கிட்ஹப் காட்டுகிறது. முகவரியை எடுத்துவிட்டால் பழைய கமிட்டுகள் அவர் கணக்கோடு இணைந்திருக்காது. அதற்குப் பதில், அதே பக்கத்தில் உள்ள 'பேக்கப் இமெயில்' தேர்வில் 'ஒன்லி அலோ பிரைமரி இமெயில்' என்று வைத்தால், கடவுச்சொல் மாற்றும் கடிதம் பழைய முகவரிக்குப் போகாது. நாளை அந்த முகவரி வேறு மாணவருக்குப் போனாலும் பயமில்லை.

அடுத்தது கடவுச்சொல். 2018 ஜூன் 28 அன்று ஜென்டூ லினக்ஸ் குழுவின் கிட்ஹப் பக்கத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தார். நிர்வாகி ஒருவர் பல தளங்களிலும் ஒரே பாணியில் கடவுச்சொல் வைத்திருந்ததால், ஒன்று கசிந்ததும் மற்றதை ஊகிக்க முடிந்தது என்று அந்தக் குழுவின் அறிக்கையே சொல்கிறது. உள்ளே வந்தவர் உறுப்பினர்களை நீக்கினார். கோப்புகளை அழிக்கும் கட்டளையை நிரலில் செருகினார். நீக்கிய அறிவிப்பு மெயில் உறுப்பினர்கள் அனைவருக்கும் போனதால்தான் விஷயம் சீக்கிரம் வெளியே தெரிந்தது. மூல நிரல் ஜென்டூவின் சொந்த சர்வரில் தனியாக இருந்ததால் தப்பியது.

அந்த நிர்வாகியின் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்திருந்தால் கடவுச்சொல் மட்டும் போதியிருக்காது. 2023 மார்ச் 13 முதல், நிரல் பங்களிப்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் பணியைக் கிட்ஹப் படிப்படியாகத் தொடங்கியது. எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட, போனில் உள்ள ஆதென்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ நல்லது. வேலைக்கு ஊர் மாறும்போது சிம்மையும் மாற்றுபவர்களுக்கு இது முக்கியம். அமைக்கும்போது 16 மீட்புக் குறியீடுகள் கிடைக்கும். பலர் அவற்றை டவுன்லோட் செய்து அந்தப் போனிலேயே வைத்துவிடுகிறார்கள். போன் தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். காகிதத்தில் அச்சிட்டு, மார்க் ஷீட் இருக்கும் கோப்பிலேயே வைப்பது நல்லது. மீட்பு வழிகள் எல்லாவற்றையும் இழந்தவருக்குக் கணக்கைத் திறந்து தர இயலாது என்று கிட்ஹப் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது.

இனி டோக்கன். 2021 ஆகஸ்ட் 13 முதல் டெர்மினலில் 'கிட் புஷ்' செய்யக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது; டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். டோக்கன் எடுக்கும்போது எந்த ரெப்பாசிட்டரிக்கு, எத்தனை நாளுக்கு என்று அளவு வைக்கலாம். 'காலாவதி இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து மறந்துவிடுவதே வழக்கமான ஆபத்து. சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொதுவில் போடுவது அதைவிட மோசம். டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான மூல நிரலின் ஒரு பகுதி, சர்வர் சாவியோடு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி கிடந்தது. 2022-இல்தான் கண்டுபிடித்தார்கள், 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. இப்படி நடந்தால் கோப்பை அழிப்பதில் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்ய வேண்டும்.

வேலையில் சேர்ந்ததும் சில நிறுவனங்கள் தாங்களே கிட்ஹப் கணக்கு தரும். பயனர் பெயரின் கடைசியில் அடிக்கோடும் நிறுவனத்தின் சுருக்கக் குறியும் இருந்தால், அந்தக் கணக்கு நிறுவனத்துடையது. வேலையை விட்டால் அதுவும் போகும். சொந்தப் புராஜெக்ட்டுகளை அதில் வைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஓப்பன்-தமிழ் போன்ற தமிழுக்கான நிரல் நூலகங்கள் கிட்ஹப்பில்தான் வளர்கின்றன. அவற்றின் பின்னால் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஒரு பொதுப் பணியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவருக்கு ஏதேனும் ஆகும்போது வேலை நின்றுவிடும். ஆர்கனைசேஷன் கணக்கில் குறைந்தது இரண்டு ஓனர்கள் வேண்டும். தனிக்கணக்கு என்றால் செட்டிங்ஸில் 'சக்ஸஸர்' என ஒருவரை நியமிக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் கொடுத்து 7 நாள் கழித்து, அல்லது இரங்கல் அறிவிப்பைக் காட்டி 21 நாள் கழித்து, பொது ரெப்பாசிட்டரிகளை அந்த சக்ஸஸர் நிர்வகிக்க முடியும். ஆனால் நியமித்தவரின் கணக்குக்குள் சக்ஸஸரால் எப்போதும் நுழைய முடியாது. ஆகவே நம்பிக்கையான நண்பரின் பெயரை இன்றைக்கே அதில் போட்டுவைக்கலாம்.