பை ஏறியது, சாரி கார்டு எங்கே போனது?

வண்டியில் தோல் பை மாட்டப் பட்டறைக்குப் போனால், ஸ்பானர் முதலில் தொடுவது பையை அல்ல. இடப்பக்கம் பின்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சாரி கார்டைத்தான். நாலு போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. கழன்ற கார்டு மூலையில் கிடக்கும் பழைய இரும்போடு சேர்கிறது. அது இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு பழுப்புத் தோல் பை உட்கார்ந்துகொள்கிறது.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கம் இந்தப் பைகளுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தடா அருவிக்கும் நாகலாபுரத்துக்கும் பறக்கும் ரைடர்கள் ஒரு பக்கம். அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, போனஸ் பணத்தில் பை வாங்கும் சிப்காட் இளைஞர்கள் இன்னொரு பக்கம். அந்த ஆசையில் தப்பே இல்லை. புல்லட் 1950களின் நடுவில் இந்தியாவில் பூட்டப்படத் தொடங்கியது திருவொற்றியூரில். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது திருவொற்றியூர் இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்குப் போனது. தோலும் நமக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பெரியமேட்டில் அந்தத் தோல் கைமாறுகிறது. வண்டியும் தோலும் நம் மண்ணில் உருவானவை. இரண்டையும் சேர்க்கும் இடத்தில்தான் அலட்சியம் புகுந்திருக்கிறது.

இரும்பூரில் தோல் பை

முதலில் பை. கடையில் தொங்குவதெல்லாம் தோல் இல்லை, ரெக்ஸினும் உண்டு. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: ரெக்ஸினுக்கு அடியில் துணி தெரியும், தோலில் நார் நாராகத் தெரியும்.

தோலிலும் இரண்டு வகை. கடுக்காய், மரப்பட்டை கொண்டு பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். பையின் வடிவம் குலையாது. குதிரைச் சேணத்துக்குக் காலங்காலமாக இதைத்தான் நம்பினார்கள். ஆனால், உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இந்தத் தோலுக்கு ஒரு பகை இருக்கிறது. கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. அதே வினைதான் பையிலும் நடக்கிறது. ஈரத் தோலில் இரும்புத் துகள் படிந்தால் கருநீலக் கறை விழும். விழுந்த கறை லேசில் போகாது. துருப்பிடித்த கிளாம்ப் தோலில் உரசினாலும் இதே கதிதான். அதனால் ரிவெட்டும் பக்கிளும் பித்தளையாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு ரப்பர்த் துண்டு வையுங்கள்.

குரோம் போட்டுப் பதனிட்ட தோல் கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும். நன்றாகப் பதனிட்டிருந்தால் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. கடுக்காய்த் தோல் அப்படியல்ல. நனைந்திருக்கும்போது 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் ஊறிய பை, ஓடிச் சூடேறிய சைலன்சரில் உரசினால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கப் பைக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு கை தாராளமாகப் புகுந்து வர வேண்டும். நனைந்த பையை வெயிலில் போடாமல் நிழலில் காயவைத்து எண்ணெய் தடவினால் வெடிப்பும் பூஞ்சையும் அண்டாது.

சட்டம் இல்லாமல் பை வேண்டாம்

சீட்டின் குறுக்கே போட்டுத் தொங்கவிடும் பை, வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே சாயும். உள்ளே சுற்றுவது சக்கரம். எனவே, சேடில் ஸ்டே என்கிற கம்பிச் சட்டம் கட்டாயம் வேண்டும். அது ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலும் மட்கார்டு பக்கத்து போல்ட்டிலும் பிடித்து நிற்க வேண்டும். ஷாக்கின் அடிப்பகுதியிலோ ஸ்விங் ஆர்மிலோ வாரைக் கட்டவே கூடாது. அவை சக்கரத்தோடு ஏறி இறங்குபவை. வாரை இழுத்து இழுத்துத் தையலைப் பிரித்துவிடும்.

பை ஏறியதும் இரண்டு பேர் உட்கார்ந்து வண்டியை அழுத்திப் பாருங்கள். டயர், செயின், சைலன்சர் எதையும் பை தொடக் கூடாது. நீண்டு தொங்கும் வாரின் நுனியை லூப்பில் செருகுங்கள், இல்லை வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சம எடை இருக்கட்டும். கனமான சாமான் பையின் அடியில் போகட்டும். பத்தடி பின்னால் தள்ளி நின்று, இண்டிகேட்டர் தெரிகிறதா என்றும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 16-ல் இரவில் பின்னால் வரும் டிரெய்லர் லாரிக்கு நம் திருப்பத்தைச் சொல்ல அந்த ஒரு விளக்குதான் இருக்கிறது.

இவ்வளவும் பல பட்டறைகளுக்குத் தெரியும். ஆனால், வண்டியின் பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி

ஞாயிற்றுக்கிழமை தடாவுக்குப் போன அதே வண்டிதான் செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகிறது. ஆடி மாதம் பெரியபாளையத்துக்குப் போகிறது. ஷிப்ட்டுக்குப் போகும் வழியில் மனைவியைப் பொன்னேரி ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. பின்னால் இருப்பவர் சேலை கட்டியிருக்கிறார், அல்லது துப்பட்டா போட்டிருக்கிறார். ஒருபக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிடுகிறார். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் செயின் ஓடுவதும் அதே இடப்பக்கம்தான்.

சாரி கார்டு கழன்றால் சக்கரத்தின் மறைப்பு மட்டும் போவதில்லை. அதோடு சேர்ந்திருக்கும் கால் வைக்கும் தட்டும் போகிறது. கால் வைக்க இடம் இல்லாமல் பையின் மேலேயே பாதத்தை ஊன்றுகிறார்கள். பை நழுவினால் பாதமும் நழுவும். காற்றில் பறக்கும் முந்தானை ஸ்போக்ஸில் சிக்கினால், பருத்தியாவது கிழிந்து விடுவிக்கலாம். பாலியஸ்டர் கிழியாது, ஆளையே இழுத்துப் போட்டுவிடும். துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்து நெரிபடும் காயங்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியே இருக்கிறார்கள். இந்த ஆபத்தை ஹெல்மெட் தடுக்காது.

சக்கரத்துக்கு மறைப்பு வேண்டும் என்பது வெறும் யோசனை அல்ல, சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்கிறது. உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. பை மாட்டியவருக்கு இதிலிருந்து விலக்கு கிடையாது.

சேடில் ஸ்டேயே சக்கரத்தை மறைக்கிறதே, தனியாகப் போகிறவனுக்குக் கார்டு எதற்கு என்று கேட்கும் ரைடர்கள் உண்டு. உண்மையிலேயே எப்போதும் தனியாகப் போகிறவருக்கு அது பொருந்தலாம். நம் வீடுகளில் அப்படிப்பட்ட வண்டி எத்தனை இருக்கிறது?

தீர்வு பெரிய வித்தையும் இல்லை. இரும்பை வளைக்கத் தெரிந்தவர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் பஞ்சம் கிடையாது. சேடில் ஸ்டேயின் உள்பக்கம் ஒரு கம்பி வலை, கீழே கால் வைக்கும் தட்டு, பையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க ஒரு கொக்கி. ஒரு வெல்டிங் பட்டறையில் முடிகிற வேலை இது. பைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க மனம் வருகிறவர்கள் இதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

தொழிற்சாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் கேட்டிலேயே நிறுத்தும் நல்ல வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதே கேட்டில், பார்க்கிங்குக்குள் நுழையும் வண்டியின் இடப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். வலையும் இல்லை, கார்டும் இல்லை என்றால் ஒரு வாரம் தவணை கொடுங்கள். அதற்குள் மாட்டி வரட்டும். ஹெல்மெட் ஓட்டுகிறவரின் தலையைக் காக்கிறது. பின்னால் இருப்பவருக்கும் அதே அக்கறை வேண்டும். அவர் உங்கள் ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் தொழிலாளி ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவது அவரிடம்தான்.