மலை விடுதிக்கு ஒரு நாள் பிரயாணம்

மலை ஏறுகிறவனுக்குத் தைரியம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். தைரியத்துக்கு முன்னால் கணக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறவர்களோ சிலரே. வேனிற்காலத்தில் ஸ்விட்ஸர்லாந்துக்குச் செல்லும் நம்மவர்களில் சிலர், பனிச் சிகரங்களைக் கீழே நின்று கண்டு களிப்பதோடு திருப்தி அடையாமல், அவற்றின் தோள் வரையிலாவது நடந்து சென்று திரும்ப விரும்புகிறார்கள். மெச்சத்தக்க ஆசையே. ஆனால் அதை நிறைவேற்றும் விதத்தில்தான் சுகமும் அபாயமும் அடங்கியிருக்கின்றன.

உதாரணமாக ஹோர்ன்லி விடுதியை எடுத்துக்கொள்வோம். வாலே மாகாணத்திலுள்ள ஜெர்மாட் என்னும் ஊர் கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அவ்வூரின் தலைக்கு மேல் 4,478 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பது மாட்டர்ஹார்ன் சிகரம். அதன் வடகிழக்கு முகட்டின் அடியில், 3,260 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது இவ்விடுதி. 1880-ம் வருஷத்தில் முதன்முதலாகக் கட்டப்பட்டு, பல முறை மாற்றங்கண்டு, 2015-ல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. கோடையில் ஏறக்குறைய ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையில்தான் அங்கு ஆட்கள் இருந்து வரவேற்பார்கள். மற்றக் காலத்தில் பனியும் தனிமையுமே உண்டு.

ஜெர்மாட்டிலிருந்து கால்நடையாகவே செல்வதானால், ஏற வேண்டிய உயரம் சுமார் 1,650 மீட்டர். அதாவது ஐயாயிரத்து நானூறு அடி. ஸ்காத்லாந்துக்காரரான நெய்ஸ்மித் என்பவர் 1892-ல் ஓர் எளிய விதியை வகுத்தார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வோர் இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அவ்விதி. அதன்படி இங்கே ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டே முக்கால் மணி ஆகிவிடுகிறது. தூரத்தையும் பாதையின் கரடுமுரடையும் சேர்த்தால், பழகியவனுக்கே சுமார் ஐந்து மணி பிடிக்கும். இறங்க மூன்றரை மணி. இளைப்பாற ஒன்றரை மணி. ஆகப் பத்து மணி நேரம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவனே மாலை நாலு மணிக்கு ஊர் திரும்புவான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் புறப்பட வேண்டுமென்று கேட்கலாம். ஆல்ப்ஸ் மலையில் கோடைக் காலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளுகிறது. மரமற்ற மொட்டை முகட்டில் மின்னலுக்கு இரையாக நிற்பவனுக்கு ஒதுங்க இடமேது? ஆதலால் நண்பகலுக்குள் விடுதியை அடைந்து, வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, இறங்கத் தொடங்குவதே விவேகம்.

கறுப்பு ஏரி என்று பொருள்படும் ஷ்வார்ட்ஸே வரையில், சுமார் 2,580 மீட்டருக்கு, கம்பித் தொட்டிலில் ஏறிச் செல்லவும் வசதியுண்டு. அங்கிருந்து விடுதிக்கு இரண்டு அல்லது இரண்டரை மணி நடை. ஆனால் தொட்டிலை நம்பிப் போகிறவர், அன்று கடைசித் தொட்டில் இறங்கும் நேரம் எதுவென்று முதலில் கேட்டறிய வேண்டும். அதைத் தவற விட்டால், களைத்த கால்களுக்கு மேலும் ஓராயிரம் மீட்டர் இறக்கம் காத்திருக்கும்.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விட்ஸர்லாந்தில் மஞ்சள் குறி யாவரும் நடக்கும் பாதையைக் காட்டும். வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதையையும், வெள்ளை-நீலம்-வெள்ளை மிகக் கடினமான உயர்மலைப் பாதையையும் காட்டும். வழிகாட்டிப் பலகைகளில் கண்ட நேரத்தில் இளைப்பாறுதல் சேராது. ஹோர்ன்லிப் பாதை மஞ்சள் வகையைச் சேர்ந்ததன்று. பாறையில் பொருத்திய இரும்புப் படிகளும், பிடித்துக்கொள்ளக் கயிறுகளும், செங்குத்தான வளைவுகளும் அதில் உண்டு. தலை சுற்றும் சுபாவமுள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நலம்.

காற்றையும் மறத்தலாகாது. விடுதி இருக்கும் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிர் கூடுகிறது. ஜெர்மாட்டில் இருபது டிகிரி வெயில் காயும்போது மேலே பத்துக்கும் கீழே இருக்கும். காற்று வீசினால் இன்னும் கடுமை. கம்பளிச் சட்டை, மழை அங்கி, அழுத்தமான பூட்ஸ், தண்ணீர், உணவு, விளக்கு ஆகிய யாவும் முதுகுப் பையில் இருக்கட்டும். தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதே மருந்து. அபாயம் நேர்ந்தால், நிமிஷத்துக்கு ஆறு முறை ஒலியோ ஒளியோ காட்டி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி காட்டுவது மலையில் உதவி வேண்டும் முறை. நிமிஷத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். தொலைபேசி வேலை செய்தால் அம்மாகாணத்தில் 144 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவ்வளவும் வீண் பயமுறுத்தல் என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு அம்மலையின் சரித்திரமே பதில் சொல்லும். 1865-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி, எட்வர்ட் விம்ப்பர் உள்ளிட்ட ஏழு பேர் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்தார்கள். ஏறும்போது ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. இறங்கும்போது, அனுபவமற்ற ஹாடோ என்னும் இளைஞர் கால் வழுக்கினார். முன்னால் சென்ற குரோ என்ற வழிகாட்டியை அவர் தள்ளிவிட, ஹட்ஸனும் டக்ளஸும் கூடவே இழுக்கப்பட்டனர். கயிறு அறுந்தது; நால்வரும் மாண்டனர். எஞ்சியவர் மூவரே. டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. அறுந்த கயிற்றின் துண்டு இன்றும் ஜெர்மாட் காட்சிசாலையில் இருக்கிறது. அதைக் காட்டிலும் சிறந்த உபதேசம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. சிகரத்தைத் தொட்டவுடன் வெற்றி முடிந்துவிடுவதில்லை. ஊர் திரும்பியபின்தான் அது வெற்றி.

இக்காலத்தில் அபாயம் ஒருபடி கூடியுமிருக்கிறது. உயர்ந்த பாறைகளை ஒட்டவைத்துப் பிடித்திருப்பது அவற்றின் வெடிப்புகளில் நிரந்தரமாக உறைந்திருக்கும் பனிக்கட்டியே. உலகம் வெப்பமடைவதால் அப்பனி இளகுகிறது. 2003-ம் வருஷத்துக் கடுங்கோடையில் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்க நேர்ந்தது. ஆகவே நேற்று ஒருவர் பத்திரமாகப் போய் வந்தார் என்பது இன்றைக்கு அத்தாட்சியாகாது. புறப்படும் நாள் காலையிலேயே வானிலையையும் பாதையின் நிலையையும் விடுதிக்காரரிடம் விசாரித்தறிய வேண்டும். விடுதிக்கு அப்பால் முகட்டில் கால் வைப்பது கயிறும் பயிற்சியும் வழிகாட்டியும் உள்ளவர்களுக்கே உரியது. நடைப் பிரயாணிக்கு விடுதியின் வாசலே எல்லை.

கடைசியாக, யாவற்றிலும் முக்கியமான ஒன்று. புறப்படுமுன்பே திரும்பும் மணியைத் தீர்மானித்து, அதைத் தங்கும் இடத்தில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். அந்த மணி வந்ததும், விடுதி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். மேலே நிற்கும்போது மனம் நூறு நியாயம் சொல்லும். கீழே அமைதியாக இருந்தபோது செய்த தீர்மானத்தையே அப்போது நம்ப வேண்டும். பாதி வழியில் திரும்புவது கோழைத்தனமன்று. மலை அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும். அதைக் காண நாமும் இருக்க வேண்டுமல்லவா?