லாரி ஊரில் ஒரு டர்போ கார்

நாமக்கல்லில் பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டர்போ புதிய சொல் இல்லை. "டர்போ போயிருச்சுங்" என்று டிரைவர் வந்து நின்றால், வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, முதலாளிக்குச் செலவு காத்திருக்கிறது என்று டீ வாங்கிவரும் பையனுக்குக்கூடத் தெரியும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் கம்ப்ரசரை ஓட்டும் டீசல் இன்ஜினிலும் அதுவேதான். அதை ஒரு பெட்ரோல் காரில் மாட்டி, வீட்டு வாசலிலேயே ஸ்போர்ட்ஸ் கார் செய்துவிடலாமே என்று ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் மாட்டுவது கால் பங்கு வேலை. மாட்டியதை அடக்கி வைப்பதுதான் மீதி முக்கால்.

இரண்டு நத்தை ஓடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போலிருக்கும் டர்போ. ஒரு ஓட்டுக்குள் இன்ஜின் புகை பாய்ந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், இழுவையும் கூடும். எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அதில் கொஞ்சத்தை மடக்கிப் பிடிக்கலாமென்று 1905இலேயே காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. காருக்குள் டர்போ நுழைய 1962 ஆயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கு ஒரு தனித் தொட்டியே வைத்திருந்தார்கள். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

முதலில் ஒரு பழைய டர்போவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டு பென்சில் பருமன்தான். அனுபவப்பட்ட மெக்கானிக் அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவார். லேசாக ஆடும். அது குற்றமில்லை. பிறகு முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுவார். அந்தப் பக்கம் அசைவு தெரிந்தால் ஓரமாக வைத்துவிடுவார். டார்ச் அடித்து, சக்கரத்தின் இதழ்கள் ஓட்டின் உள்சுவரில் உரசிய கோடு இருக்கிறதா என்றும் பார்ப்பார். பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. தண்டு ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது சுற்று சுற்றும். கார்களிலுள்ள சின்ன டர்போ 2 லட்சத்தைத் தாண்டும். அந்த வேகத்தில் சில நொடி ஆயில் நின்றாலும் தண்டு தேய்ந்துவிடும். மேடேறி வந்த லாரியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுகிறாரே டிரைவர், காரணம் இதுதான். ஆயில் சூடு தணியாமல் நின்றால் உள்ளேயே கரியாகக் காய்ந்துவிடும்.

இனி டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம். டீசல் இன்ஜின் வெறும் காற்றைத்தான் நசுக்குகிறது. எரிய வேண்டிய நேரத்தில்தான் டீசல் உள்ளே பீச்சப்படும். எவ்வளவு காற்றைத் திணித்தாலும் முறைத்துக்கொள்ளாத பிறவி அது. சாதாரண பெட்ரோல் இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் கலந்தே நசுக்குகிறது. சூடும் அழுத்தமும் மிஞ்சினால், பிளக் மூட்டிய தீ பரவி வருமுன்னே மூலையில் கிடக்கும் கலவை தானே வெடிக்கும். பட்டறையில் தட்டல் என்பார்கள். பிஸ்டனின் ரிங் வரம்பு நொறுங்குவதும் தலை உருகி ஓட்டை விழுவதும் இதனால்தான். ஜெட்ஃபயரின் தண்ணீர்த் தொட்டியும் இந்தத் தட்டலை அடக்கத்தான்.

நம் ஊர் வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. சித்திரையில் சேலத்தில் 40 டிகிரிக் காற்று. அதை 0.7 பார் கூடுதலாக அழுத்தினால், எழுபது சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரில் வெளியேறும் காற்று 110 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரியும் அல்லவா? அழுத்தம் எழுபது சதவீதம் ஏறியும், உள்ளே போகும் காற்றின் அளவு நாற்பது சதவீதம்கூட ஏறாது. நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் அறுபது சதவீதம் கிடைக்கும், தட்டலும் விலகும். ஆகவே காசு குறைவாக இருந்தால் பெரிய டர்போவை விடுங்கள். நல்ல இன்டர்கூலர் வாங்குங்கள்.

டேங்கர் கட்டும் ஊரில் பைப் வளைக்கவும் மேனிஃபோல்டு வெல்டிங் வைக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவை அப்படியே பெட்ரோலில் வைக்குமுன் யோசியுங்கள். பெட்ரோல் புகை 900 டிகிரியையும் தாண்டக்கூடியது; டீசலுக்கென்று வார்த்த ஓடு அதைத் தாங்குமென்று சொல்ல முடியாது. வேஸ்ட்கேட் ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் மிஞ்சும்போது புகையைச் சக்கரத்துக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு அது. அது சிக்கிக்கொண்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

கடைசி வேலை டியூனிங். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. டர்போ முழு வீச்சில் தள்ளும்போது 12 பங்குக்கு இறக்குவார்கள். மிச்சப் பெட்ரோல் உள்ளே குளிர்ச்சி தரும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர், பலமான பம்ப், எழுதி மாற்றக்கூடிய இசியூ (இன்ஜினை ஆளும் கணினி), புகையிலுள்ள ஆக்சிஜனைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் எல்லாம் வேண்டும். அழுத்தம் ஏற ஏற ஸ்பார்க்கையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். காதால் கேட்டே டியூன் செய்வேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதிவேகத்தில் தட்டல் காதுக்குக் கேட்காது.

கம்பெனியே செய்தால் எவ்வளவு கூட்டுவார்கள்? கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி கொண்டுவந்தது. சாதா டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 85 குதிரைத்திறன் தரும். அதே அளவுள்ள டர்போ இன்ஜினோடு வந்த ஜேடிபி 114. இத்தனை வசதியுள்ளவர்களே அதோடு நின்றார்கள். வீட்டுப் பட்டறையில் இரண்டு மடங்கு கேட்பது பேராசை என்பேன். அதே கோவையில் எஸ். கரிவர்தன், டர்போ எதுவுமில்லாமல் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். எடையைக் குறைத்தாலும் வண்டி பறக்கும்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரிக்க அதுவே போதும். ஏற்காடு மலைப்பாதையும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உங்கள் காருக்கானவை அல்ல. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. அனுமதி வாங்கி அங்கே ஓட்டுங்கள். போகும்போது காரை ஓட்டிக்கொண்டு போகாமல் லாரியில் ஏற்றிப் போங்கள். நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்!