நெடுந்தீவு: நிலமும் நீரும் மக்களும்

ஒரு நிலத்து வாழும் மக்களின் இயல்பை அறிய விழைவார், அந்நிலத்து நீர்நிலையை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மைக்கு ஈழத்து நெடுந்தீவு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையதாய் இத்தீவு அமைந்துள்ளது. புங்குடுதீவைச் சார்ந்த குறிகட்டுவான் துறையினின்று படகேறி இதனை அடைவர். ஈண்டு மலையுமில்லை, ஆறுமில்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் விரவிய நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலெழுந்து கிடக்கின்றது. அக்கல்லைச் சாந்தின்றி அடுக்கி மக்கள் வேலி அமைத்துள்ளனர்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9½ பாகையில் உள்ளமையின் ஆண்டு முழுதும் வெப்பம் மிகுதி. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியே பெருமழை. பின்னர்ச் சோழகக் காற்று வீசுங் காலத்தில் நிலம் வறண்டுவிடும்.

இனி, ஆறில்லா இத்தீவில் நன்னீர் கிடைக்குமாறு யாங்ஙனம் என்பதை நோக்குவோம். மழைநீர் கல்லின் துளைகள் வழியே கீழிறங்கும். உவர்நீரினும் நன்னீர் எடை குறைந்ததாதலின், அஃது உவர்நீர்மேல் ஒரு படலமாய் மிதந்து நிற்கும். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நிற்பின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் உண்டென்பது நிலநீர் நூலார் கணக்கு. எனவே, மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தின், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறும். ஆழமில்லாக் கிணறுகளில் அளவறிந்து முகந்த முன்னோர் வழக்கம் இவ்வியல்புக்கு முற்றும் ஒத்ததாகும்.

போர்த்துக்கீசர் இதனைப் பசுத்தீவு என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். ஒல்லாந்தர் தம் நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றனர். அவர்கள் காலத்துக் குதிரைகளின் வழிவந்தனவெனக் கருதப்படும் மட்டக்குதிரைகள் இன்றும் கட்டின்றித் திரிகின்றன. கடுவறட்சியில் அவை நீரின்றி மடிந்ததும் உண்டு.

இத்தீவு மக்கள் தமிழர். சைவரும் கத்தோலிக்கரும் ஆவர். மீன்பிடியும் கால்நடையும் பனையும் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரம். கடந்த நூற்றாண்டில் பலர் வன்னிப் பெருநிலத்துக்குப் பெயர்ந்தனர். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் மேலும் பலரைப் பெயர்த்தது.

எஞ்சியோர் அங்கு நிலைத்து வாழ்வது அம்மெல்லிய நன்னீர்ப் படலத்தைப் பொறுத்தது. ஒருமுறை உவரேறிய கிணறு நன்னீர்க் கிணறாக மீளப் பல மாரி வேண்டும். ஆதலின், குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், இறைப்பு எந்திரத்தின் பயன்பாட்டை வரையறுத்தலும் இத்தீவைக் காக்கும் முதற்கடன் என்பது எம் துணிபு.