சென்னையின் எஃப்சி 2019–20 பருவம்

சென்னையின் எஃப்சி 2019–20 பருவம் என்பது, சென்னையைச் சேர்ந்த இக்காற்பந்துக் கழகம் இந்தியன் சூப்பர் லீக்கின் ஆறாம் பதிப்பில் பங்கேற்ற பருவத்தைக் குறிக்கும். பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்றுநர் மாறியதும், அதன்பின் அணி இறுதிப்போட்டி வரை சென்றதும் இதனைக் குறிப்பிடத்தக்கதாக்கின.

பின்னணி

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிரிகோரியின் பயிற்சியில் அணி 2017–18இல் வாகையர் பட்டம் வென்றது. அடுத்த பருவத்திலேயே 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்தைப் பிடித்தது. எனினும் கிரிகோரி தொடர்ந்தார்.

கோலற்ற தொடக்கம்

2019–20இன் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. நவம்பர் 25 அன்று ஐதராபாத்துக்கு எதிராகவும் 90 நிமிடங்கள் கோலின்றியே கழிந்தன. தடைப்பட்ட நேரத்துக்கு ஈடாக அளிக்கப்பட்ட நிமிடங்களில் மூன்று கோல்கள் விழ, சென்னை 2–1 என வென்றது. அடுத்து ஒடிசாவுடன் 2–2 என ஆட்டம் சமனானது. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளும் 4 கோல்களும் பெற்றிருந்த நிலையில், நவம்பர் 30 அன்று கிரிகோரி விலகினார்.

காயிலின் வருகை

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காயில் பொறுப்பேற்றார். இவர் இங்கிலாந்தின் பர்ன்லி, போல்டன் கழகங்களைப் பயிற்றுவித்தவர். மாற்றம் உடனே பலன் தந்ததாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அவரது முதல் நான்கு ஆட்டங்களில் கிடைத்தவை 4 புள்ளிகளே. அதன் பின்னரே அணி எட்டு ஆட்டங்களில் தோல்வியின்றி 20 புள்ளிகள் ஈட்டி, மொத்தம் 29 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றது.

மோசமான காலத்தின் முடிவில்தான் பயிற்றுநர்கள் மாற்றப்படுகின்றனர் என்பதால், பின்னர் வரும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி இயல்பாகவே வந்திருக்கக்கூடும். புள்ளியியலில் இதனைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர். லீக்கில் ஒவ்வோர் அணியுடனும் இருமுறை ஆட வேண்டியிருந்ததால், இதனை ஓரளவு சோதிக்க இயலும். கிரிகோரியின் கீழ் எதிர்கொண்ட அதே ஆறு அணிகளுக்கு எதிராகக் காயிலின் கீழ் 10 புள்ளிகளும் 10 கோல்களும் கிடைத்தன. இத்தனைக்கும் அவற்றுள் நான்கு வெளியூர் ஆட்டங்கள். கிரிகோரிக்கோ நான்கு சொந்த மைதானத்தில் அமைந்தன. ஆறு ஆட்டங்கள் சிறிய அளவே எனினும், முன்னேற்றம் முழுவதும் தற்செயல் என்று கொள்வது கடினம்.

முன்னேற்றம் பெரிதும் தாக்குதலிலேயே நிகழ்ந்தது. காயிலின் 12 லீக் ஆட்டங்களில் அணி 28 கோல்கள் அடித்தது. 16 கோல்களை விட்டுக்கொடுத்தது. தொடக்கம் முதலே அணியில் இருந்த லிதுவேனியரான நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி விருது பெற்றார்.

இறுதிப்போட்டி

அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6–5 என வென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பரவல் காரணமாகப் பார்வையாளர்களின்றி கோவாவின் பதோர்டாவில் நடந்த இறுதிப்போட்டியில் ஏடிகே அணியிடம் 1–3 எனத் தோற்றது.

பருவம் முடிந்ததும் காயில் ஜம்ஷெட்பூருக்குச் சென்றார். வால்ஸ்கிசும் அங்கேயே சேர்ந்தார். 2020–21இல் சென்னை எட்டாம் இடம் பெற்றது. காயில் 2023இல் சென்னைக்குத் திரும்பி, 2025 வரை பயிற்றுநராக இருந்தார்.